வலது முன்சக்கரத்தில் ஒரு பொட்டு

எங்கள் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறார்கள். 'பணிக்காலத்தில் நீங்கள் பெருமைப்படும் சம்பவம் ஒன்று எழுதுங்கள்' என்று கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவனுக்குப் பெருமைப்பட ஒன்றுகூடவா இருக்காது? இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா போன மாதம் என் வீட்டு வாசலில் நடந்ததற்கே போகிறது. அதில் பெருமை பாதி, அசட்டுத்தனம் பாதி. மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தாமல் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரிப் பாசன நிலத்தில் பயிர் வைத்தவர்கள். எனக்கு மட்டும் சேற்றைவிட கிரீஸ் பிடித்திருந்தது. ஐ.டி.ஐ. முடித்து, அப்ரன்டிஸாக ஒரு வருடம் டயர் உருட்டி, பிறகு பிரேக் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டேன். அங்கே இருந்தவர் ஃபோர்மேன் ஆரோக்கியசாமி. என் வேலை வாழ்க்கையில் அவரைத் தவிர வேறு யாரைப் பற்றியும் விரிவாகச் சொல்லத் தோன்றவில்லை.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஒரு வண்டி 'ஆடுது' என்று வந்து நின்றால் மற்றவர்கள் ஜாக்கியை எடுக்க ஓடுவோம். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்துக்கொண்டே டிரைவரிடம் போவார். கேள்விகள் எப்போதும் ஒரே வரிசைதான்.

"எப்போலேந்து ஆடுது? எந்த ஸ்பீடுல? பிரேக் புடிச்சாவா, சும்மா போவும்போதேவா? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா?"

கையில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். இது ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்பார். அதை டிரைவரிடம் கேட்க மாட்டார். எங்கள் பக்கம் திரும்பி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்பார்.

"இந்த வண்டிய கடைசியா தொட்டது யாருபா?"

யாராவது 'நான்தான் சார்' என்றால் அவர் டீயில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் தானே முழு டீயையும் குடிப்பார். அந்த டீ தீரும்வரை நாங்கள் நிற்கும் நிலை இருக்கிறதே, அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓரிக்கை போகும் சாலையில் எங்கள் வீடு. மகள் ஹேமா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி வேனை நிறுத்திவிட்டார்கள். அதனால் தெரிந்தவரிடமிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து அவளும், ஐயம்பேட்டையிலிருந்து வரும் அவளுடைய தோழிகள் இருவரும் அதில்தான் வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

காரை நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முன் பிரேக் டிஸ்க், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. மாற்றியே ஆகவேண்டும். மாப்பிள்ளை, "ஒர்க்ஷாப்புல விட்டுடலாம் மாமா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸுக்கே பிரேக் போட்டவனுக்கு இந்தத் தீப்பெட்டி ஒரு சிரமமா? "பார்ட்ஸ் மட்டும் வாங்கினு வாங்க" என்றேன்.

சுருக்கென்றதற்கு வேறு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக எனக்கு மறதி. அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். ஒருநாள் பேரனை டியூஷனிலிருந்து அழைத்து வரவேண்டும் என்பதே நினைவில் இல்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசவில்லை என்பதுதான் என்னை அரித்தது. பால் மறக்கட்டும், பெயர் மறக்கட்டும், கைக்கு மட்டும் தன் வேலை மறக்கக்கூடாது என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வேலையை ஆரம்பித்தேன். காரைத் தூக்கி, மரக்கட்டை அண்டை கொடுத்து, முதலில் இடது சக்கரம். அது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு வலது. பழைய டிஸ்கைக் கழற்றியதும் அது உட்காரும் வட்டமான இரும்பு முகம் தெரியும். ஹப் என்போம். அதில் துரு ஏறியிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பெட்ரோல் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

என் மனைவி சரோஜா ஐயம்பேட்டையில் தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் புதுப் பாவு பூட்டினால் சந்தனம் குங்குமம் வைக்காமல் முதல் இழை ஓடாது. புது மிக்ஸி வந்தாலும் அப்படித்தான், புது செல்போன் வந்தாலும் அப்படித்தான். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால், நான் தேய்த்து வைத்த அந்த இரும்பு முகத்தில், மேல் பக்கமாக, மூன்று விரலால் அள்ளி வைத்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

நான் அதைப் பார்க்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. பார்த்தேன். மகளுடைய முதல் கார், வெள்ளிக்கிழமை வேறு, பார்க்க மங்களமாகத்தான் இருந்தது. துடைக்க மனசு வரவில்லை. அதன் மேலேயே டிஸ்கை மாட்டினேன். சக்கரத்தைப் போட்டு, டிஸ்கையும் சேர்த்துப் பிடிக்கும் நான்கு நட்டுகளையும் எதிரெதிராக இறுக்கினேன்.

சனிக்கிழமை மாலை ஹேமா வந்தாள். அவள் ஓட்ட, நான் பக்கத்தில். ஊருக்குள் ஓட்டும்போது கார் அன்னநடை போட்டது. பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி நின்றது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். தாமல் தாண்டும் நெடுஞ்சாலையில் ஏறி அறுபதைத் தொட்டதும் அவள் முகம் மாறியது.

"ப்பா, ஸ்டியரிங் ஆடுதுபா."

"ரோடு அப்டி."

"ரோடு இல்லபா. கையி நடுங்குது பாரு."

ஆரோக்கியசாமியின் கேள்விகளை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். எப்போதிலிருந்து? பிரேக் வேலைக்குப் பிறகு. எந்த வேகம்? அறுபது. பிரேக் பிடித்தாலா, பிடிக்காமலா? பிடிக்காமலே ஆடுகிறது, பிடித்தால் இன்னும் உதறுகிறது. கையிலா, சீட்டிலா? கையில்தான். கடைசியாகத் தொட்டது யார்? அந்தக் கேள்விக்கு டீ ஊற்றிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

"ஓரங்கட்டு" என்றேன். இறங்கிச் சக்கரங்களைச் சுற்றி வந்தேன். காரிலேயே கிடக்கும் வீல் ஸ்பானரை எடுத்து வலது முன்சக்கரத்து நட்டில் வைத்தேன். வைத்த உடனே கால் சுற்று சுற்றியது. அடுத்ததும் அப்படியே. லாரிகள் காற்றடித்துக்கொண்டு போகிற சாலையில், என் மகள் ஓட்டும் காரின் சக்கரம் தளர்ந்த நட்டில் நின்றுகொண்டிருந்தது.

"டைட் பண்ணியாபா?" என்று ஹேமா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"பண்ணேன்மா." சொன்னேனே தவிர, அந்த நிமிடத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. பாலை அடுப்பில் வைத்தவன் நட்டையும் விட்டிருக்கலாம் இல்லையா? அங்கேயே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு மெதுவாக ஓட்டச் சொல்லி வீடு வந்தோம்.

வாசலில் இறங்கியதும் அவள் என் தோளில் கை வைத்தாள். "விடுபா, பரவால்ல. மண்டே நான் பஸ்ல போறேன். வண்டிய ஒர்க்ஷாப்புல குடுத்துடலாம். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

திட்டியிருந்தால் தேவலை. அந்த 'பரவாயில்லை'தான் என்னைச் சாய்த்துவிட்டது. பேரனை மறந்த அன்றும் இதே குரலில்தான் 'பரவால்லபா' என்றாள். என் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தேன். சரோஜாவிடம், "இனிமே வண்டி கிண்டி நான் தொடமாட்டேன்" என்றேன். "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. தொடமாட்டேன் என்று சொன்னேனே தவிர, இறுக்க மறந்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹேமா எழுந்து வருவதற்குள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கிளம்புவதற்கு முன் வலது முன்சக்கரத்தின் நான்கு நட்டுகளிலும் காரில் இருந்த வீல் ஸ்பானரை வைத்து இறுக்கி, வாய்விட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எல்லாம் கிண்ணென்று இருந்தன. ரோட்டில் யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றிருப்பார்கள். நெடுஞ்சாலையில் அறுபது, எழுபது. கார் நேராகப் போனது. தாமல் தாண்டித் திரும்பி வரும்போது, கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்டியரிங் மறுபடி நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தி ஸ்பானரை வைத்தேன். இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன.

படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள், எனக்கு அங்கே முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். கொஞ்ச நேரத்துக்கு முன் வாய்விட்டு எண்ணி இறுக்கிய நட்டு தளர்ந்திருக்கிறது என்றால், வெள்ளிக்கிழமையும் நான் இறுக்கித்தான் இருக்கிறேன். நான் மறக்கவில்லை. அங்கேயே காரின் பானெட்டில் சாய்ந்து நின்றுகொண்டு, பல வருடங்களாக நினைக்காத ஒரு பஸ்ஸை நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். தகுதிச் சான்றுக்காக ஒரு பஸ்ஸைத் தயார் செய்தோம். பிரேக் லைனிங் நான் போட்டேன். பெயின்ட் அடிப்பவர்கள் சக்கரம், அது உட்காரும் பிரேக் டிரம் எதையும் விடாமல் கனமாக அடித்து ஜொலிக்க வைத்திருந்தார்கள். ஓட்டிப் போன டிரைவர் கன்னியப்பன் மறுநாளே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "முன்னாடி வீலு தலையாட்டுது. நட்டு லூஸு. நான் எடுக்கமாட்டேன்" என்றார். நான் இறுக்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் மறுபடி வந்தது. மறுபடி லூஸ். நான் இறுக்கவே இல்லை என்று கன்னியப்பன் சொன்னார். நான் இறுக்கினேன் என்று கத்தினேன். கைகலப்புக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

ஆரோக்கியசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அவன் டைட் பண்ணான். அது எனக்குத் தெரியும்" என்றார் கன்னியப்பனிடம். பிறகு என்னிடம், "நட்டு தானா லூஸ் ஆவாதுபா. உள்ள எதுவோ எடம் குடுக்குது. வீல அவுரு" என்றார்.

சக்கரத்தைக் கழற்றினால், சக்கரமும் டிரம்மும் ஒட்டும் இடத்தில் பெயின்ட் தோல் தோலாக நசுங்கி உரிந்திருந்தது. பெயின்ட் நசுங்க நசுங்க இடைவெளி விழுகிறது. இடைவெளி விழுந்தால் நட்டு தளர்கிறது. சக்கரம் கோணலாக உட்கார்ந்து ஆடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் அந்தப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டேதான் சக்கரத்தை மாட்டியிருந்தேன். அதை வாய் திறந்து சொன்னேன். பாதி டீ கிடைத்தது. கூடவே ஒரு சுரண்டியும் கிடைத்தது. இரண்டு முன்சக்கரங்களையும் நானே சுரண்டினேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார்.

"வெளியில எவ்ளோ அழகு வேணா வை. ரெண்டு இரும்பு ஒட்ற எடத்துல மட்டும் ஒண்ணும் வைக்காத."

நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டில் சாய்ந்திருந்த எனக்கு அவர் குரல் அப்படியே கேட்டது. அடுத்த நொடி அந்த மூன்று விரல் சந்தனம் கண் முன்னால் வந்தது. 'அடப்பாவி' என்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

நட்டுகளை இறுக்கி, முப்பதுக்கு மேல் போகாமல் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து வீடு வந்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நினைப்பு சரிதானா என்று முதலில் பார்க்கவேண்டும் அல்லவா? பணிமனையில் அதற்கு முள் வைத்த கருவி உண்டு. வீட்டில் விளக்குமாற்றுக் குச்சிதான். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கை மட்டும் வாஷர் வைத்து நட்டு போட்டு இறுக்கினேன். செங்கல் மேல் களிமண் உருண்டை, அதில் குச்சி. குச்சி முனை டிஸ்கில் பட்டும் படாமல் இருக்க வைத்துச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சர்க்' என்று உரசியது. எதிர்ப் பக்கம் வரும்போது விலகியது. டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

கழற்றினேன். மேல் பக்கமாக, வறட்டி தட்டியது போல, மஞ்சளாக ஒரு பொருக்கு. நடுவில் காய்ந்த சிவப்பு. பாதி நொறுங்கித் தூளாகியிருந்தது, மீதி அப்படியே இரும்பில் அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரோஜா பயந்து ஓடி வந்தாள்.

"இன்னா ஆச்சி? ஏன் இப்டி சிரிக்கறீங்க?"

உதிர்ந்த தூளைத் துணியில் எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "இது நான் வச்ச சந்தனமாச்சே" என்றவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முகம் வாடிவிட்டது. "அய்யோ, என்னாலயா? பொண்ணு போற வண்டிங்க. நல்லா இருக்கணும்னுதான வச்சேன்."

"உன்னால இல்ல சரோஜா. நீ வச்ச. நான் பாத்துட்டுதான் மேல மாட்னேன். வேலை தெரிஞ்சவன் நான்தான?"

அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஹேமாவும் வந்து நின்றாள். தூங்கி எழுந்த முகம். அவளிடம் டிஸ்கை மாட்டிக் குச்சி வைத்துச் சுற்றிக் காட்டினேன், உரசியது. ஹப்பைச் சுத்தமாகச் சுரண்டி, நகத்தால் தடவி, துடைத்து, மறுபடி மாட்டிச் சுற்றினேன். இந்த முறை குச்சிக்கும் டிஸ்குக்கும் நடுவே சுற்று முழுக்க ஒரே இடைவெளி. எங்கும் உரசவில்லை.

"அப்போ நீ டைட் பண்ணத மறக்கல" என்றாள்.

"மறக்கல" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் இருக்கலாம்.

சக்கரத்தை மாட்டி இறுக்கி, மூன்று பேருமாக நெடுஞ்சாலையில் எண்பது வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். ஆட்டம் இல்லை. ஆனாலும் இரண்டு முறை தளர்ந்த நட்டை அப்படியே நம்பி அனுப்ப எனக்கு மனசில்லை. பணிமனையில் என்றால் நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். நட்டு ஒரு இம்மி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயின்ட் இல்லை. பின் சீட்டில் வந்த சரோஜா இன்னும் வாட்டமாகவே இருந்தாள். எனக்கு ஒன்று தோன்றியது.

"உன் சாந்து பாட்டில் இருக்குதில்ல? எடுத்தா."

"எதுக்கு?"

"பொட்டு வைக்கணும். நீதான் வைக்கணும். பாதி நட்டு மேல, பாதி வீல் மேல படற மாதிரி."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். கிண்டல் என்று நினைத்திருப்பாள். விளக்கிச் சொன்னதும் சாந்து பாட்டிலைக் கொண்டுவந்து, புடவையைச் செருகிக்கொண்டு சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். நான்கு சக்கரம், பதினாறு நட்டு, பதினாறு பொட்டு. ஒன்றுகூடக் கோணலாக இல்லை. சாந்து காய்ந்து கெட்டியாகும்வரை வண்டிப் பக்கம் யாரையும் விடாமல் காவல் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஹேமா கிளம்பிப் போனாள். ஐயம்பேட்டைத் தோழிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. இன்னொன்று வைத்தாள். ஒரு வழியாக போன் அடித்தது.

"ப்பா, வந்து சேந்துட்டோம். ஆடவே இல்ல. வண்டிய வுட்டு எறங்கனதும் நாலு வீலையும் சுத்தி வந்து பாத்தேன்."

"பாத்தியா? இன்னா?"

"பதினாறு பொட்டும் அப்டியே இருக்குது. ஒண்ணுகூட ஒடயல."

போனை சரோஜாவிடம் நீட்டினேன். "உங்க அம்மாவாண்டயே சொல்லுமா" என்றேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது காபியை எடுத்துக் குடித்தேன். அதுவும் ஆறித்தான் போயிருந்தது. பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தேன்.